ஆதாரக் கட்டுரைக்குப் பதினைந்து மார்க்

சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: பாடத்தில் வருகிற யாரும் எழுந்து வந்து, "நான் எப்போது அப்படிச் சொன்னேன்?" என்று சண்டை பிடிக்கமாட்டார்கள். அசௌகரியம் ஒன்றே ஒன்றுதான். மாணவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

வாரத்தில் ஆறு நாள் நெய்யாற்றின்கரையில் ஒரு டியூட்டோரியலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஏழாவது நாள், ஆண்டவரே ஓய்ந்திருந்த நாளில், என் வீடு இருக்கிற அதியன்னூரிலிருந்து பஸ் பிடித்துப் பாறசாலைக்கு வந்து பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எழுதும் பிளஸ் டூ சமநிலைத் தேர்வு. தமிழ் மீடியம், பதினோரு பேர். வகுப்பு நடப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அறையில். முழங்கால் பெஞ்சில் இடிக்க, தலைக்கு மேல் அணில், ஆடு, இலை படங்கள் தொங்க, ஐம்பது வயதுக்காரர்கள் குந்தியிருப்பார்கள்.

இந்தத் தேர்வில் கடைசிக் கேள்விதான் எங்கள் சிலுவை. நாலைந்து பழைய ஆவணங்களை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, 'இந்த ஆதாரங்களைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதுக' என்பார்கள். பதினைந்து மார்க். நீங்களும் விடைத்தாள் திருத்துகிற ஜாதியாக இருந்தால், மேலே படிக்காமலே எனக்காக ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

பதினோரு நகல்

முதல் வகுப்பில் முக்கால் மணி நேரம் விளக்கினேன். பழைய கடிதம், பத்திரம், நோட்டீஸ், கணக்குச் சீட்டு, எல்லாமே சரித்திரத்துக்கு ஆதாரம். புத்தகத்தை நம்பாதீர்கள், ஆதாரத்தைப் பாருங்கள் என்றேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "அடுத்த ஞாயிறு வரும்போது ஆளுக்கொரு ஆதாரம் வீட்டிலிருந்து கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, நல்ல வகுப்பு எடுத்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு என் மேஜையில் பதினோரு ஆதார் கார்டு நகல்கள் இருந்தன. முன்னாள் பஞ்சாயத்து மெம்பர் வேலப்பன் மட்டும் தன்னுடையதில் கெசட்டட் ஆபீசர் கையெழுத்தும் சீலும் வாங்கி வந்திருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது இல்லை, வேறு ஏதாவது பழைய காகிதம் என்றேன். காரோடு கிராமத்திலிருந்து வரும் செல்வராஜ் அண்ணன் எழுந்தார். ஸ்கூட்டரில் மீன் பெட்டி வைத்து செங்கல் என்கிற ஊர் வரை போய் விற்கிறவர். மூத்த மகள் கல்யாணத்தில் சம்பந்தி, "நீங்க எதுவரை படிச்சீங்க?" என்று கேட்டார் என்பதற்காக, மறுவாரமே வந்து சேர்ந்தவர். அவர் சொன்னார்: "வேற ஆதாரம் ஒண்ணும் எங்க வீட்டுல இல்ல டீச்சர். ரேஷன் கார்டு உண்டு. ஆனா அதுல எனக்க பேரும் தப்பு, வயசும் தப்பு, நான் உண்டுங்கிறது மட்டும் சரியாக்கும்."

சாயிப்பு பார்த்த கடல்

அந்த ரேஷன் கார்டை வைத்தே நான் பாடத்தைத் தொடங்கினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அச்சடித்தது எல்லாம் உண்மை அல்ல. ஆதாரத்தைப் பார்த்து ஐந்து கேள்வி கேட்கவேண்டும்: எழுதியது யார், யாருக்கு, எப்போது, எதற்கு, எதைச் சொல்லாமல் விட்டார்?

முதல் மாதிரித் தேர்வில் ஒரு வெள்ளைக்காரப் பயணியின் நாட்குறிப்பைக் கொடுத்திருந்தேன். ஆடி மாதத்தில் இந்தக் கரையில் கடல் குளம் போல் கிடக்கிறது, விடிந்ததும் எல்லா வள்ளங்களும் புறப்படுகின்றன என்று அவர் எழுதியிருந்தார். மற்றவர்கள் அதை அப்படியே இறக்கி வைத்தார்கள். செல்வராஜ் அண்ணன் மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஆடியில் நம் கரையில் அலை வள்ளத்தைப் புரட்டிவிடும், அந்த மாதங்களில் ஆட்கள் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போய்த்தான் தொழில் செய்வார்கள், அந்த வெள்ளைக்காரச் சாயிப்பு கரையில் படுத்துத் தூங்கியிருக்கிறார், இல்லையென்றால் வேறு மாதத்தில் வந்திருக்கிறார் என்று. படித்துவிட்டு எனக்குப் புல்லரித்தது. அதே கையோடு, விடைக்குறிப்பில் 'கடல் அமைதியாக இருந்தது – 2 மார்க்' என்று இருப்பதும் ஞாபகம் வந்தது.

வேறு வழியில்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க எழுதினது சரி. ஆனா முதல்ல 'ஆதாரம் நான்கின்படி கடல் அமைதியாக இருந்தது'ன்னு எழுதுங்க. அதுக்கப்புறம் மறுத்து எழுதுங்க. ரெண்டு மார்க்கை விடவேண்டாம்" என்றேன். அவர் கேட்டார்: "அப்பம், பொய் எழுதலாம், அது யாருக்க பொய்யின்னு மட்டும் சொல்லிட்டா போதும், அப்படித்தானே டீச்சர்?"

இரு தரப்பாரும்

வேலப்பன் மெம்பருக்கு பிளஸ் டூ ஆசை வந்தது போஸ்டரால். போன தேர்தலில் எதிராளி தன் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துப் பட்டம் போட்டிருந்தார். இவர் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறிதான் இருந்தது. தோற்றதற்குக் காரணம் அதுதான் என்று அவர் உறுதியாக நம்புகிறார்.

இரண்டாவது மாதிரித் தேர்வில் இரண்டு ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று மோதும். வரி வசூலித்த அதிகாரி, குடிகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதுகிறார். குடிகள், பட்டினி கிடக்கிறோம் என்று மனு எழுதுகிறார்கள். எது நம்பத் தகுந்தது, ஏன் என்று எழுதவேண்டும். மெம்பர் இப்படி முடித்திருந்தார்: 'ஆகவே அதிகாரியும் பெரிய மனிதர், குடிகளும் நல்லவர்கள். இரு தரப்பாரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' மூன்று மார்க் போட்டேன். ஒரு பக்கத்தை எடுத்துத்தான் ஆகவேண்டும் மெம்பரே, அவர்கள் எல்லாரும் செத்து நூறு வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்தார், எனக்காக. "டீச்சருக்கு ராஷ்டிரியம் தெரியாது. செத்தவனுக்குப் பேரப்பிள்ளைய உண்டும்லா? அதுகளுக்கு வோட்டும் உண்டு."

செவ்வாய்க்கிழமை வெளிச்சம்

ஷீபாவுக்கு முப்பத்தாறு வயது. மெம்பரின் வார்டிலேயே ஒரு அங்கன்வாடியில் ஹெல்பர். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். ஐந்து கேள்வியை மட்டும் நோட்டின் பின் அட்டையில் எழுதி, 'எதைச் சொல்லாமல் விட்டார்' என்ற ஐந்தாவதுக்கு அடிக்கோடும் போட்டிருந்தாள். கணவர் கல்ஃபில் ஒரு குடோனில் வேலை. தினமும் மதியம் சாப்பாட்டைப் படம் எடுத்து, 'சாப்பிட்டேன். சுகம்.' என்று அனுப்புவார். வருஷக்கணக்காக அதே இரண்டு சொல்.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அவள் போகாமல் நின்றாள். போனைக் காட்டினாள். "முன்னெல்லாம் டப்பா மரப்பெட்டி மேல இருக்கும் டீச்சர், பின்னால குடோன் வண்டி தெரியும். இப்பம் ரெண்டு மாசமா தட்டு தரையில இருக்கு. ஜன்னல் வெளிச்சம் விழுது. இது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இவரு ரூமுல என்ன செய்யுதாரு?" நான் சொல்லிக்கொடுத்தது செத்த ராஜாக்களிடம் கேட்கிற கேள்வி. கேட்டுப் பார் என்றேன்.

மறுவாரம் வந்தாள். கேட்டிருக்கிறாள். முதலில் மழுப்பியவர், அவள் படம் படமாகத் தேதி சொன்னதும் போனிலேயே உடைந்துபோனாராம். கம்பெனி மூடிவிட்டது, வேறு வேலை தேடுகிறேன், நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை என்றாராம். வந்துருங்க, நமக்குப் பாத்துக்கிடலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். என்னிடம் இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே நோட்டைத் திறந்தாள். "பரீட்சைக்கு நான் அஞ்சாவது கேள்விய மொதல்ல எழுதட்டா டீச்சர்? மத்த நாலையும் ஆளுக சொல்லிருவாங்க."

டீத்தண்ணியில் ஊறிய மனு

இனி வருவது என் குற்றம். புத்தகத்தில் உள்ள ஆதாரங்கள் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டதால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானே ஒன்றை உண்டாக்கினேன். 'மகாராஜ சன்னிதானத்துக்கு, குளத்தங்கரைக் குடிகள் எழுதிக்கொண்ட மனு. தலைமுறை தலைமுறையாய் நாங்கள் குளத்துக்குப் போய்வரும் பொதுவழியை ஒரு பிரபு அடைத்துப்போட்டபடியால்...' எழுத எழுத எனக்கே கண் கலங்கியது. காகிதத்தை டீத்தண்ணியில் முக்கி, வெயிலில் காயவைத்து, ஓரத்தைக் கிழித்து, நகல் எடுத்தேன். எந்தக் குளம் என்று எழுதவில்லை. இந்தப் பக்கத்தில் குளம் இல்லாத ஊர் எது?

வகுப்பு அசந்துபோனது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. "இது டீச்சருக்கு எங்க கிட்டிச்சு?" என்று மெம்பர் கேட்டபோது, "ஒரு பழைய பெட்டியில" என்று வேறு சொன்னேன். பெருமை யாரை விட்டது? மெம்பர் கூடுதலாக ஒரு நகல் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படிப்பில் ஆர்வம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். போகும்போது சொன்னார்: "இந்த ஒரு காயிதம் போதும் டீச்சர், நான் ஒரு மதில இடிச்சுக் காட்டுகேன்."

ரேகை

அது உவமை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவர் வார்டில் ஒரு குளம், குளத்துக்கு ஒரு வழி, வழியில் ஒன்பது வீடு. வழி தொடங்குகிற முனையில் வீடுள்ள ஒருவர் (பேர் வேண்டாம், இன்னும் நான் அந்தப் பக்கம் போகவேண்டியிருக்கிறது) வழியின் பாதியை இழுத்து மதில் கட்டிவிட்டார். ஆட்டோ நுழையாது. நெஞ்சுவலி வந்த ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சேற்றில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மெம்பர் பஞ்சாயத்தில் மனு கொடுத்து, அதனோடு என் மனுவையும் இணைத்துவிட்டார். புதன்கிழமை விசாரணை. "டீச்சரும் வரணும், உங்க காயிதம்தான் நம்ம பலம்" என்று போன் செய்தார்.

போனேன். கிளார்க் என் வரிகளை உணர்ச்சியோடு வாசித்துக்கொண்டிருந்தார். மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் கும்பிட்டபடி நின்றார்கள். மதில்காரருக்கு முகம் செத்துப்போயிருந்தது. சும்மா இருந்திருந்தால் மதில் விழுந்திருக்கும். அந்த நாற்காலியை நினைத்தால் சும்மா இருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் வாரா வாரம் இவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது என்ன? எழுந்து நின்று, "இது பழசு இல்ல. பரீட்சைக்காக நான் எழுதினது" என்றேன். டீத்தூள் கதையையும் சொன்னேன். கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பழைய காயிதம்னு சொல்லுகதுக்கு இவரு ஒரு நகல் தந்திருக்காரு. நீங்க எழுதினதுன்னு சொல்லுகதுக்கு டீச்சர் கையில ரேகை, சாட்சிக் காயிதம் ஏதும் உண்டோ?"

சொட்டு மருந்து நோட்டு

அங்கேயே ஒரு தாளில் அடுத்த வரியை அதே எழுத்தில் எழுதிக் காட்டியபிறகுதான் நம்பினார்கள். விசாரணையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். மதில்காரர் எனக்கு நன்றி சொன்னார். அதைவிட அவர் அடித்திருக்கலாம். எட்டு வீட்டுக்காரர்களும் வெளியே இறங்கிப் போனார்கள். மெம்பர் ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. மற்றவர்களிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஷீபாதான் மெதுவாகக் கை தூக்கி, "சொட்டு மருந்து நோட்டு ஆதாரமாகுமா டீச்சர்?" என்றாள்.

போலியோ சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாகப் போகிறார்களே, அந்த நோட்டுகள் அங்கன்வாடி அலமாரியில் வருஷவாரியாக இருந்தன. நடந்துபோகிற வரிசையிலேயே வீடுகளை எழுதியிருந்தார்கள்: 'குளத்து வழி. இடது நாலு வீடு, வலது அஞ்சு வீடு. ஆட்டோ கடைசி வரை போகும், ஐஸ் பெட்டி சுமக்கவேண்டாம்.' அடுத்த விசாரணையில், டீச்சர் முன்னால் நிற்கவேண்டாம் என்று என்னைப் பின் வரிசையில் உட்காரவைத்தார்கள். மெம்பர் வந்திருந்தார், என்னைப் பார்க்காமல். ஷீபாதான் பேசினாள். "எழுதினது எனக்கு முந்தி இருந்த சேச்சி. எழுதினது ஆஸ்பத்திரிக்கு வேண்டி. அப்பம் இந்த மதிலும் இல்ல, சண்டையும் இல்ல. அதனால இதுக்காகப் பொய் எழுத அவங்களுக்கு ஒரு அவசியமும் இல்ல."

"இதுவும் டீச்சர் எழுதினதா?" என்று மதில்காரர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கிளார்க் பக்கத்தைத் திருப்பி, விரலை ஒரு வரியில் வைத்து, நோட்டை அவர் பக்கம் தள்ளினார். குளத்து வழி, வலது முதல் வீடு, குழந்தைக்கு மருந்து கொடுத்தாயிற்று. எதிரே அவர் மனைவியின் கையெழுத்து. அந்த மாதத்துக்குள் ஆட்டோ போகிற அகலத்துக்கு மதில் பின்னால் போனது. அவர் ஊரில் சொன்னதாகக் கேள்வி: "டீச்சர் எழுதினதுன்னா கோர்ட்டுல பாத்திருப்பேன். கெட்டினவ போட்ட ஒப்ப நான் எங்க கொண்டு போய் மறுக்க?"

கறுத்த காகிதம்

தேர்வன்று கேள்வித்தாளில் மூன்றாம் ஆதாரம் சரியாக அச்சாகவில்லை. ஒரு கறுத்த சதுரம், அதற்குக் கீழே 'மேற்கண்ட கடிதத்தின் அடிப்படையில்'. அறையில் இருந்த மேற்பார்வையாளர், எனக்கு ஒன்றும் தெரியாது, உள்ளதை வைத்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாராம். பலர் விட்டுவிட்டார்கள். ஒருவர், கடிதம் நாட்டுப்பற்றை வளர்க்கிறது என்று தைரியமாக எழுதியிருக்கிறார். கேட்டில் காத்திருந்த என்னிடம், மீன் பெட்டியில்லாத ஸ்கூட்டரில் வந்து நின்று செல்வராஜ் அண்ணன் சொன்னார்: "நான் அரைப் பக்கம் எழுதினேன் டீச்சர். இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி எழுதுகவன நம்பப்படாது, அப்படீன்னு."

ஆறாவது ஆதாரம்

முடிவு வந்தது. ஷீபா நல்ல மார்க். ஊர் திரும்பியிருந்த கணவர்தான் பைக்கில் வைத்து மார்க் லிஸ்ட் வாங்கக் கூட்டி வந்தார். செல்வராஜ் அண்ணனும் பாஸ். சம்பந்தி வீட்டுக்கு நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மதில் நகர்ந்த வாரமே வகுப்புக்குத் திரும்பிவிட்ட வேலப்பன் மெம்பர் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, சரித்திரத்தில் மட்டும் விழுந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன்.

நகல் வந்தது. இருவரும் அணில் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தோம். கட்டுரை மோசமில்லை. ஒரு பக்கத்தை எடுத்திருந்தார், காரணமும் சொல்லியிருந்தார். ஆனால் நாலாவது பக்கத்தில், 'ஆதாரம் ஆறு: முன்னாள் மெம்பரின் நேரடி சாட்சியம்' என்று தலைப்பிட்டு, தன் காலத்தில் போட்ட ரோடு, தெருவிளக்கு எல்லாவற்றையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருந்தார். கேள்வித்தாளில் இருந்தது ஐந்தே ஆதாரம். திருத்தினவர் அந்தப் பக்கம் முழுவதையும் சிவப்பில் அடித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். மெம்பர் அதை என் பக்கம் திருப்பினார். "அஞ்சு அவங்க தந்தாங்க. நான் கையில இருந்து ஒண்ணு கூட்டித் தந்தேன். அதுக்கு மார்க்கு குறைக்கது எந்த ஊரு நியாயமாக்கும் டீச்சர்?"

எழுதியது யார், எதற்கு எழுதினார் என்று கேட்கப் பதினோரு பேருக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. இனி நான் தாமதமாக வந்துவிட்டு ரெஜிஸ்டரில் 'காலை 9.30' என்று போடுகிற கையெழுத்தை அவர்கள் எட்டிப் பார்ப்பதைத் தாங்கிக்கொள்வதுதான் இந்தத் தொழில்.